பாண்டியில் பிறந்த குழந்தைக்குக் கடலூரில் தடுப்பூசி போடுவது எப்படி?

மகள் பிறந்தது பாண்டியில், என் மனைவியின் தாய்வீட்டில். வளர்வது கடலூர் திருப்பாப்புலியூரில். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி (காசநோய்க்கானது), ஹெபடைட்டிஸ் பி, போலியோ சொட்டு, ஆறாவது வார ஊசி எல்லாம் அங்கேயே முடிந்தது. பத்தாவது வாரத்துக்குக் கடலூர் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் தடுப்பூசி அட்டை. என் போனில் இருந்தது அதன் மேல் அட்டைப் படம் மட்டும். போட்ட ஊசியும் தேதியும் உள்பக்கத்தில் இருக்கின்றன. மாமியாருக்கு வீடியோ கால் போட்டால், அட்டையைத் தலைகீழாகக் காட்டுகிறார். "அட்டையோட அடுத்த புதன்கிழமை வாங்க தம்பி" என்றார் நர்ஸ். ஒரு வாரம் போச்சு. அதனால் பாண்டியில் பஸ் ஏறும் முன்பே அட்டையைப் பையில் வையுங்கள், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இருவர் போனிலும் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், அடுத்த ஊசியை எதில் எழுதுவார்கள்? ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் போதும்.

அடுத்தது போன் நம்பர். யூ-வின் என்ற அரசின் ஆன்லைன் தடுப்பூசிப் பதிவில் நாங்கள் கொடுத்தது மாமனார் நம்பர். ஓ.டி.பி கேட்கும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். உங்கள் நம்பரையே கொடுங்கள்.

ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரம் என்ற கணக்கு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ஒன்பதாவது மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கிவிட்டால் 4 மணி நேரம்தான் வைத்திருக்கலாம், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். காய்ச்சல் வந்தால் அவர்கள் சொன்ன அளவில் பாரசிட்டமால். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மட்டும் முதல் தவணை ஒரு வயதுக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும். பி.சி.ஜி தழும்பு வரவில்லை என்றாலும் மறுபடி போடத் தேவையில்லை.

இன்னொரு பின்சேர்க்கை, பெரியவர்களுக்கு: கர்ப்பிணிகளுக்கு டி.டி (Td - ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி இலவசம். நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் அரசு மருத்துவமனை. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. என் சித்தப்பா மூன்றோடு நிறுத்தப் பார்த்தார். 28ஆம் நாள் நானே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன்.