குதிரையில் ஏற்றினால் பேச்சு வருமா? ஓட்டிசப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் சீசனில் நூரளைக்கு (நுவரெலியாவுக்கு) போனவர்களுக்கு கிரகரி வாவிப் பக்கம் நிற்கும் மட்டக்குதிரைகளைத் தெரியும். காசு கொடுத்தால் பிள்ளையை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். என் அக்கா மகனையும் அப்படித்தான் ஏற்றினோம். அவனுக்கு அப்போது ஆறு வயது, ஓட்டிசம் (ஆட்டிசம் என்றும் சொல்வார்கள்; பேச்சும் பழகும் விதமும் மற்றப் பிள்ளைகள்போல் இல்லாத மூளை வளர்ச்சி நிலை) என்று டொக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. "குதிரை ஏறினால் பேச்சு வருமாம்" என்று யாரோ பேஸ்புக்கில் போட்டதை மச்சான் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், அடுத்த ஞாயிறே பஸ் ஏறிவிட்டோம். ஒரு பக்கம் ஒலிபெருக்கி, இன்னொரு பக்கம் வடைச்சட்டிப் புகை, சுற்றிலும் சனம். பிள்ளை கத்தின கத்தலில் குதிரை மிரண்டு, குதிரைக்காரர் கையில் கடி வாங்கினார். கடித்தது குதிரை இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சாமியாடியிடம் கொண்டுபோயிருந்தோம். உடுக்கைச் சத்தம், முகத்துக்கு நேரே சாம்பிராணி, வேப்பிலை அடி. அங்கேயும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "பாத்தியா, உள்ள இருக்கிறது துடிக்குது" என்றார் சாமியாடி. சத்தமும் புகையும் பல ஓட்டிசப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இப்போது யோசித்தால், கோயிலடியிலும் வாவிக்கரையிலும் நாங்கள் செய்த தவறு ஒன்றேதான்: அவனுக்கு இருந்த ஒரே பேச்சு அந்தக் கத்தல், அதை நாங்கள் யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, முதலில் குதிரை. அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 16 வயது வரையான 127 ஓட்டிசப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் குதிரைச் சவாரி, மற்றவர்களுக்கு அதே மாதிரிப் பயிற்சி, ஆனால் உயிருள்ள குதிரை கிடையாது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் மற்றவர்களைவிடக் குறைந்தன, பேசிய சொற்களும் கூடின. நல்ல செய்திதான். ஆனால் ஓட்டிசம் போய்விட்டது என்று அதில் யாரும் சொல்லவில்லை. 2007இல் ஒரு தகப்பன் தன் ஓட்டிச மகனை மங்கோலியாவுக்குக் கூட்டிப்போய், குதிரையில் அலைந்து, அங்குள்ள பூசாரிகளிடம் காட்டிய கதை உலகமெல்லாம் பேசப்பட்டது. பிள்ளையிடம் பெரிய மாற்றம் வந்தது என்று சொன்ன அதே தகப்பன், ஓட்டிசம் குணமாகவில்லை என்றும் சேர்த்தேதான் சொன்னார். நம்மிடம் வந்து சேரும்போது அந்த இரண்டாவது பாதி எப்படியோ கழன்றுவிடுகிறது.

உல்லாசப் பயணிகளுக்கு விடும் சவாரியைச் சிகிச்சை என்று நினைப்பதும் தவறுதான். ஹிப்போதெரபி என்பதில் குதிரை ஒரு கருவி மட்டுமே; இயன்முறை (பிசியோதெரபி), தொழில்வழி (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும்) அல்லது பேச்சுச் சிகிச்சை படித்த ஒருவர் குதிரையின் நடையை வைத்துப் பிள்ளையோடு வேலை செய்வார். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு கிட்டத்தட்ட மனிதர் நடப்பதுபோலவே அசையும், அதுதான் அதன் சூட்சுமம். வாவிக்கரை அண்ணன்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் அவர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

கொண்டுபோனவுடன் தூக்கி மேலே உட்கார வைக்காதீர்கள். முதல் நாள் தூரத்தில் நின்று பார்க்கட்டும், அதுவே போதும். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாகத்தான் கிட்டப் போக வேண்டும். காதைப் பின்னால் மடித்துப் படுக்க வைத்திருந்தால் அதற்குக் கோபம், அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். பிள்ளைக்கு வலிப்பு உண்டென்றால் (ஓட்டிசப் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவது மற்றப் பிள்ளைகளைவிட அதிகம்) டொக்டரிடம் கேட்காமல் ஏற்றவே கூடாது. ஹெல்மட் கட்டாயம். குதிரைச் சாணத்திலும் தொழுவ மண்ணிலும் ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி இருக்கலாம், கிளினிக் கார்ட்டில் தடுப்பூசி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நாட்டு வைத்தியம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அப்பாயி நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பிள்ளைக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யட்டும். தோட்டத்துக் காவல் தெய்வம் ரோதமுனிக்குச் சேவல் நேர்ந்ததில் அக்காவுக்கு ஒரு நிம்மதி, அதை ஏன் கெடுக்க வேண்டும்? பிரச்சினை உள்ளுக்குக் கொடுப்பதில்தான். பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம், 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பெயர். ஆனால் அதிலுள்ள ஒரு பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது. பெயர் தெரியாத உருண்டைகளும் பஸ்பங்களும் இன்னும் மோசம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும், எதைச் சரிசெய்யப் போனோமோ அதையே கெடுக்கும். இலங்கையில் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி வைத்தியர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா, மருந்தில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் கழுதைப் பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுப்பார்கள், பேச்சு வருமாம். குதிரையின் உறவுக்காரக் கழுதையையும் விடவில்லை பாருங்கள். காய்ச்சாத பால், வயிற்றுக்குத்தான் கேடு.

வேப்பிலை அடியும் சூடு போடுவதும் எந்தப் பெயரில் செய்தாலும் பிள்ளையை அடிப்பதுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் போவது காலம். எங்கள் பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் என்று முதலில் சொன்னது பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) ஆயாதான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கை காட்டி எதையும் கேட்கவில்லை என்று. அப்போது அவனுக்கு இரண்டு வயதுகூட இல்லை. "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று நாங்களே மூன்று வருடத்தை விட்டுவிட்டோம். குடும்பநல மாதுவிடம் சொல்லியிருந்தால் கிளினிக், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி என்று வழி இருந்தது. கிளினிக் நாளில் அக்காவுக்கு ஒரு நாள் பேர் (தோட்டத்து நாள் சம்பளம்) போய்விடும், உண்மைதான். ஆனால் சாமியாடியிடம் போன நாட்களிலும் பேர் போனதே.

இப்போது பேச்சுச் சிகிச்சைக்கு மாதம் ஒரு முறை போகிறோம், குதிரையையும் விடவில்லை. சீசன் முடிந்த பிறகு, கிழமை நாளில், பனி விலகாத காலையில் போவோம். நாலாவது தடவைதான் கழுத்தைத் தொட்டான். கையில் கடி வாங்கிய அதே அண்ணன் லகானைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். வீட்டுக்கு வந்து நாக்கால் 'டொக் டொக்' என்று குளம்புச் சத்தம் போடுகிறான், அக்காவும் பதிலுக்குப் போடுகிறாள், சில நாள் பத்து நிமிடம்கூடப் போகும். இன்னும் மேலே ஏறவில்லை. வாங்கிக் கொடுத்த ஹெல்மட்டில் தேயிலைக் கொட்டை பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறான்.