அரபு மூலத்தில் ‘அல்லாஹ்’ வந்தால் தமிழில் எப்படி எழுதுவது?

‘அல்லாஹ்’ கண்ணில் பட்டதும் இது இஸ்லாமிய நூல் என்று முடிவுகட்டுவதுதான் முதல் பிழை. அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்கும் கடவுள் அல்லாஹ்தான். 1865இல் நிறைவேறிய வான் டைக் அரபு விவிலியத்தின் முதல் வசனத்திலேயே, வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு இந்தப் பெயர்தான். பத்தாம் நூற்றாண்டில் யூத வேதமான தோராவை அரபியாக்கிய யூத அறிஞர் சாதியா காவோனும் இதையே எழுதினார்.

ஆகவே பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். இயேசுவுக்கு ‘ஈசா’ என்றிருந்தால் பெரும்பாலும் முஸ்லிம் எழுத்து. ‘யசூஃ’ என்றிருந்தால் கிறிஸ்தவ எழுத்து. யோவான் ஸ்நானகன் முன்னதில் ‘யஹ்யா’, பின்னதில் ‘யூஹன்னா’. பரிசுத்த ஆவியைக் குறிக்கும் ‘ரூஹுல் குதுஸ்’ ஏமாற்றும்: குர்ஆனிலும் (2:87) அது உண்டு. ஆனால் அங்கே ‘ரூஹ்’ முன்னால் ‘அல்’ (ஆங்கில ‘the’ போன்ற சுட்டு) இல்லை. கிறிஸ்தவர்கள் ‘அர்-ரூஹ் அல்-குதுஸ்’ என்பார்கள். ‘இன்ஷா அல்லாஹ்’, ‘அல்ஹம்து லில்லாஹ்’ எதற்கும் சாட்சியாகாது. அவற்றை அரபு பேசும் எல்லா மதத்தவரும் சொல்கிறார்கள்.

மதம் தெரிந்த பிறகு தமிழ்ச் சொல். முஸ்லிம் எழுத்துக்கு ‘அல்லாஹ்’ அப்படியே இருக்கட்டும். கிறிஸ்தவ எழுத்துக்கு ‘கடவுள்’ அல்லது ‘தேவன்’. வாசகர் கையிலிருக்கும் விவிலியம் எதைச் சொல்கிறதோ அதை எடுங்கள். பலர் கோட்டைவிடுவது வினைமுற்றில். முஸ்லிம் தமிழில் அல்லாஹ் ‘படைத்தான்’. கிறிஸ்தவத் தமிழில் கடவுள் ‘படைத்தார்’. முஸ்லிம் தமிழின் ஒருமை மரியாதைக் குறைவல்ல, ஒருவன் என்பதன் அழுத்தம். ‘அல்லாஹ் படைத்தார்’ என்று எழுதினால் இரு தரப்புக்கும் காதில் உறுத்தும்.

‘இலாஹ்’ வேறு சொல். வணங்கப்படும் எதற்கும் பொதுப்பெயர், ‘ஆலிஹா’ என்று பன்மையும் உண்டு. அல்லாஹ்வுக்குப் பன்மை கிடையாது. ‘அல்’ சேர்ந்த ‘இலாஹ்’ சுருங்கி ‘அல்லாஹ்’ ஆயிற்று என்பது பரவலான கருத்து. எப்படியிருந்தாலும், முஸ்லிம்களின் நம்பிக்கை வாசகமான ‘லா இலாஹ இல்லல்லாஹ்’வில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ‘கடவுளைத் தவிரக் கடவுள் இல்லை’ என்று வாக்கியம் சுற்றும். ‘வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை’ என்று பிரித்து எழுதுங்கள்.

ஒலிபெயர்ப்பில் இரண்டைக் கவனித்தால் போதும். முதல் எழுத்து அலிஃப், முன்சொல்லோடு சேரும்போது ஒலியில் கரையும்: ‘அப்து’வும் ‘அல்லாஹ்’வும் ‘அப்துல்லாஹ்’. அடுத்து லாம், அதாவது ‘ல்’ எழுத்து: முன்னால் அ, உ ஒலி வந்தால் தடித்து ஒலிக்கும், இகரம் வந்தால் மெலியும். ‘அப்துல்லாஹ்’வில் தடிப்பு, ‘பிஸ்மில்லாஹ்’வில் மென்மை. தமிழில் இதைக் காட்ட எழுத்தில்லை. உரக்கப் படிப்பவருக்குத்தான் பயன்.

கணினிக் கோப்பில் தேடும்போது இன்னொரு சிக்கல். அலிஃப்-லாம்-லாம்-ஹா என்று நான்கெழுத்தையும் தந்தால் ‘லில்லாஹ்’ (அல்லாஹ்வுக்கு) சிக்காது. அங்கே அலிஃபே எழுதப்படுவதில்லை. லாம்-லாம்-ஹா என்று தேடுங்கள். வேண்டாதவையும் வந்து விழும்: வட்டார வழக்கைக் குறிக்கும் ‘அல்-லஹ்ஜா’வும் வீண் கேளிக்கையைக் குறிக்கும் ‘அல்-லஹ்வு’ம் அதே நான்கு எழுத்தில்தான் தொடங்குகின்றன. கண்ணால் பார்த்துத்தான் களைய வேண்டும்.

அரபுக்கு வெளியே விதி மாறும். மால்டாவின் கத்தோலிக்கர் கடவுளை ‘அல்லா’ என்கிறார்கள். இந்தோனேசிய விவிலியத்தில் ‘அல்லாஹ்’ கடவுள், ‘துஹான்’ ஆண்டவர். இந்த ‘அல்லா’வையும் ‘அல்லாஹ்’வையும் ‘கடவுள்’ என்றே பெயர்க்கலாம். மலேசியச் செய்தி மட்டும் விலக்கு. முஸ்லிமல்லாதார் பதிப்புகளில் இந்தச் சொல்லுக்கு 1986இல் அரசு தடை போட்டது, 2021 மார்ச்சில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே வழக்கே சொல்லைப் பற்றியது. கிறிஸ்தவர் வாயிலிருந்து வந்தாலும் ‘அல்லாஹ்’ என்றே விடுங்கள்.