கார்னிஷ்–விண்ட்சர் கூரைப் பாலத்தைப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள கார்னிஷ் என்னும் சிற்றூரையும் வெர்மான்ட் மாநிலத்தின் விண்ட்சரையும் இணைத்து, கனெக்டிகட் ஆற்றின் மேல் ஏறத்தாழ 450 அடி நீளத்துக்குக் கிடக்கிறது ஒரு கூரையிட்ட மரப்பாலம். ஜேம்ஸ் டாஸ்கர், பீலா ஃபிளெட்சர் ஆகிய இருவரும் 1866ஆம் ஆண்டு இதைக் கட்டினர். இதைக் காணச் செல்பவர்களில் பலர் கூரையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்கவேண்டியதோ பக்கப் பலகைகளின் உட்புறம் இருக்கும் மரச்சட்டங்களின் பின்னல்.

முதலில் நியூ ஹாம்ப்ஷயர் கரையில் நிற்பது நல்லது. காலை வெயில் முதுகுப்புறமிருந்து பாலத்தின் மேல் விழும். எதிரே ஆஸ்கட்னி மலையும் தெரியும். ஆற்றின் நடுவிலுள்ள கல் தூணைக் கவனித்தால், இவ்வளவு நீளத்தையும் இரண்டே தாவல்களில் கடந்திருப்பது புரியும். இதே இடத்தில் 1796, 1824, 1849 ஆகிய ஆண்டுகளில் கட்டப்பட்ட மூன்று பாலங்கள் நிலைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தூணைப் பார்க்கவேண்டும்.

நுழைவாயிலில், குதிரைகளை நடத்திச் செல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்று எச்சரிக்கும் பலகை இருக்கும். சுங்கம் 1943 வரை வசூலிக்கப்பட்டது. இன்றும் கார்கள் ஓடுவதால், உள்ளே செல்பவர்கள் ஓரமாக நடக்கவேண்டும். படமெடுக்க நடுவில் நிற்கக்கூடாது.

உள்ளே சென்றதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருந்து, பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்த சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி, நெருங்கிய சாய்சதுரங்களாகத் தெரியும். இது இதியல் டவுன் என்னும் கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற பின்னல் முறையின் வழிவந்தது. அவருடைய முறையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து மர ஆணிகளால் இறுக்குவார்கள். இங்கே பலகைகளுக்குப் பதிலாகச் சதுரமாகச் செதுக்கப்பட்ட கனத்த மரங்கள், குறுக்கிடும் இடங்களில் காடி (பள்ளம்) வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் காடிகளை நெருங்கிப் பார்க்காமல் இந்தப் பாலத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. மழைநீர் தேங்கினால் மரம் இற்றுப்போவது முதலில் இத்தகைய மூட்டுகளில்தான். கூரையும் பக்கப் பலகைகளும் அவற்றை உலர்ந்த நிலையில் வைத்திருக்கவே போடப்பட்டவை. தளத்தில் பனி விழாமல் தடுப்பதற்கே கூரை என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் பனிச்சறுக்கு வண்டிகள் ஓடிய காலத்தில், அவை வழுக்கிச் செல்வதற்காக, இத்தகைய பாலங்களின் தளத்தில் பனியை ஆட்களே அள்ளிப் பரப்பவேண்டியிருந்தது.

காலப்போக்கில் பாலம் தொய்ந்ததால், 1980களின் இறுதியில் பெரிய அளவில் சீரமைத்தார்கள். ஆகவே உள்ளே காணும் எல்லா மரத்தையும் 1866ஆம் ஆண்டினதாகக் கொள்ளக்கூடாது.

மாநில எல்லை ஆற்றின் நடுவில் இல்லை. வெர்மான்ட் பக்கமுள்ள மேற்குக் கரையோரமாகவே செல்கிறது. எனவே பாலத்தின் பெரும்பகுதி நியூ ஹாம்ப்ஷயருக்கே உரியது.

நேரம் இருந்தால், கார்னிஷிலேயே டாஸ்கர் 1877இல் கட்டிய ப்ளோ-மீ-டவுன் பாலத்தையும் பாருங்கள். சிறிய ஓடையைக் கடக்க அவர் பின்னலை நாடாமல், செங்குத்துக் கால்களையும் சாய்சட்டங்களையும் கொண்ட எளிய அமைப்பையே அங்கு பயன்படுத்தியிருக்கிறார்.