டெர்ஸ் படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுனியால் மிகைப்படுத்தப்பட்ட ராமன் நிறமாலையியலை ஆய்வகத்தில் டெர்ஸ் (TERS) என்றே சொல்கிறோம். லேசர் ஒளி படும் கூர்மையான உலோக நுனியை மாதிரியின் மேல் புள்ளி புள்ளியாக நகர்த்தி, சிதறி வரும் ஒளியின் நிறமாலையிலிருந்து எங்கே எந்த மூலக்கூறு இருக்கிறது என்று படமெடுக்கும் முறை இது. இதைப் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். லேசரை நுனியில் சரியாகக் குவிக்காதது, காஸ்மிக் கதிர்கள் உணரியில் பட்டு நிறமாலையில் எழும் போலி முகடுகளை நீக்க மறப்பது போன்றவை சீக்கிரமே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம். அழகான படத்தைத் தந்துவிட்டு ஆளை ஏமாற்றும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

## நுனியில் ஒட்டியதை மாதிரியின் சிக்னல் என்று நம்புவது

மாதக்கணக்கான உழைப்பை வீணாக்குவது இதுதான். நன்றாகத் தெரிந்தவர்களே இதைச் சோதிக்காமல் விடுவதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

வெள்ளி அல்லது தங்க நுனிக்கும் அடியில் உள்ள தங்கப் பரப்புக்கும் நடுவே, சில நானோமீட்டர் இடைவெளியில்தான் மின்புலம் குவிகிறது. மாதிரியின் மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் வந்து போகும். நுனி முனையில் ஒட்டிய அழுக்கோ ஒவ்வொரு புள்ளியிலும் அங்கேயே இருக்கும். கறை படிந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சுவரெல்லாம் கறையாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

“நுனியை உயர்த்தினால் சிக்னல் மறைகிறது, இறக்கினால் வருகிறது, ஆகவே இது மாதிரியுடையதுதான்” என்ற வாதத்தை அடிக்கடி கேட்கலாம். அது தவறு. நுனியைத் தங்கத்திலிருந்து உயர்த்தியதும் இடைவெளி விரிந்து மின்புலம் சரிந்துவிடுகிறது. நுனியில் ஒட்டிய அழுக்கின் சிக்னலும் அதோடு சேர்ந்தே மங்கும். எனவே இந்தச் சோதனையில் அழுக்கும் தேறிவிடும். மிகைப்பு, அதாவது நுனியால் சிக்னல் பெருகுவது, இருக்கிறதா என்பதற்கு மட்டுமே இது சான்று. சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதை இது சொல்லாது.

அழுக்கு வரும் வழிகள் பல. 1300 முதல் 1600 செ.மீ⁻¹ (நிறமாலையில் முகட்டின் இடத்தைச் சொல்லும் அலகு) வரை பரந்து, நொடிக்கு நொடி வடிவம் மாறும் சிக்னல் வந்தால் அது பெரும்பாலும் கார்பன். காற்றிலிருந்து படிந்த கரிமப் பொருள் லேசர் சூட்டில் சிதைந்து இதைத் தரும். 488, 2907, 2965 செ.மீ⁻¹ அருகே முகடுகள் சேர்ந்து வந்தால் சிலிகோனைச் சந்தேகிக்க வேண்டும். நுனிகளை ஜெல் பெட்டியில் அடுக்கி வைப்பதால் ஒட்டுவது அது. 520 செ.மீ⁻¹ முகடு ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) நுனியின் சிலிக்கானிலிருந்து வருவது. இவை மூன்றையும் அடையாளம் கண்டுவிடலாம். மாதிரியிலிருந்தே பெயர்ந்து நுனியில் ஏறும் பொருள்தான் உண்மையான தொல்லை. மென்மையான பாலிமர் கலவைப் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வரிகளில் இரண்டு கூறுகளும் தனித்தனியாகத் தெரியும். நடுவில் ஒரு வரியில் நுனி ஒரு கூறைக் கிள்ளி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் அந்தக் கூறு படம் முழுக்கப் பரவியிருப்பதாகத் தோன்றும். ஸ்கேன் திசைக்கு இணையான கோட்டில் ரசாயனம் ‘சட்டென்று’ மாறினால் நுனி மாறிவிட்டது என்று பொருள்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. மாதிரிக்குப் பக்கத்திலேயே, அதே தாங்கியில், புதிதாக உரித்தெடுத்த வழுவழுப்பான தங்கத் துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். படம் எடுக்கும் முன், படத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே லேசர் திறனிலும் அதே நேர அளவிலும் வெற்றுத் தங்கத்தில் குறைந்தது 10 இடங்களில் நிறமாலை எடுங்கள். படம் முடிந்ததும் நுனியைக் கழற்றாமல் அதே தங்கத்துக்குத் திரும்பி மறுபடி எடுங்கள். முன்பு இல்லாத முகடு பின்பு வந்திருந்தால், படத்தில் அந்த முகட்டைக் கொண்டு சொன்ன எதையும் நம்ப முடியாது. 5 நொடியை ஒரே பதிவாக எடுக்காமல் அரை நொடியாகப் 10 பதிவுகள் எடுப்பதும் உதவும். கார்பனின் துள்ளலைச் சராசரி மறைத்துவிடும், தனிப் பதிவுகள் காட்டிக்கொடுக்கும். முன்னும் பின்னும் எடுத்த வெற்று நிறமாலைகள் இல்லாத டெர்ஸ் படத்தை யார் காட்டினாலும் முதலில் அவற்றைக் கேளுங்கள்.

## லேசர் திறனைக் கூட்டிக்கொண்டே போவது

சிக்னல் பலவீனமாக இருந்தால் திறனைக் கூட்டத் தோன்றும். நுனிக்கடியில் அது வேதிவினையையே நடத்திவிடும். தங்கத்தின் மேல் நைட்ரோதயோஃபினால் அடுக்கைப் பாருங்கள்: 1335 செ.மீ⁻¹ அருகில் உள்ள நைட்ரோ முகடு தேய்ந்து, 1140, 1390, 1440 செ.மீ⁻¹ அருகே புதிய முகடுகள் எழும். இரண்டு மூலக்கூறுகள் நைட்ரஜன் வழியே இணைந்து அசோ சேர்மமாக மாறியதன் அடையாளம் அது. புதியவர்கள் இதை மாதிரியில் ஏற்கெனவே இருந்த வேறொரு பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் திறனைப் படிப்படியாகக் கூட்டி, பிறகு குறைத்து, முகடுகளின் விகிதம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் மாதிரி மாறிவிட்டது.

## வெள்ளி நுனியை நாளைக்கு எடுத்துவைப்பது

காற்றில் வைக்காதீர்கள். கந்தகமும் ஆக்சிஜனும் அதன் மிகைப்பைத் தின்றுவிடும்.

## தங்க நுனிக்கு 532 நானோமீட்டர் லேசர்

அந்த அலைநீளத்தில் தங்கமே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். 633-க்கு மாறுங்கள்.

## ஒளியின் முனைவாக்கத்தைக் கவனிக்காதது

முனைவாக்கம் என்பது ஒளியின் மின்புலம் அதிரும் திசை. அந்த மின்புலம் நுனியின் அச்சுக்கு இணையாக அமைய வேண்டும். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் அமைப்பில் முனைவாக்கத் திசையை மாற்றும் அரை அலைத்தகட்டைத் திருப்பி, சிக்னல் உச்சமாகும் கோணத்தைக் குறித்துவையுங்கள்.

## நகர்வைக் கணக்கில் எடுக்காதது

64 × 64 புள்ளிகள், புள்ளிக்கு 1 நொடி என்றால் 4096 நொடி, அதாவது 68 நிமிடம். மாதிரி வைத்த மேடை நிமிடத்துக்கு 1 நானோமீட்டர் மட்டும் தானாக நகர்ந்தாலும் முடிவில் 68 நானோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். நுனியின் ஆரமோ 20, 30 நானோமீட்டர்தான். லேசரை எரியவிட்டு, நுனியைத் தொடர்பில் வைத்து, நகர்வு அடங்கும்வரை காத்திருங்கள். 32 × 32 போதும் என்றால் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். படத்துக்கு முன்னும் பின்னும் மேடுபள்ளப் படம் எடுத்து, ஒரே அடையாளம் எவ்வளவு இடம்பெயர்ந்தது என்று அளந்து எழுதிவையுங்கள்.

## ஒற்றைப் புள்ளியைக் காட்டிப் பிரிதிறன் சொல்வது

ஒரு புள்ளி பிரகாசமாகவும் அடுத்தது இருட்டாகவும் இருந்தால் புள்ளி இடைவெளியையே பிரிதிறன் (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரம்) என்று அறிவித்துவிடுகிறார்கள். ஒற்றைப் புள்ளி மின்னுவதற்குக் கார்பன் துள்ளலே போதும். 2013-இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒற்றைப் போர்ஃபிரின் மூலக்கூறை ஒரு நானோமீட்டருக்கும் நுண்ணிய பிரிதிறனில் படமெடுத்தது உண்மை. அது மீயுயர் வெற்றிடத்தில், தாழ் வெப்பநிலையில், எஸ்டிஎம் (ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி) நுனியால் செய்தது. அறைக் காற்றில் ஏஎஃப்எம் நுனியை வைத்து அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. கூர்மையான விளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் குறுக்காகக் கடக்கும் கோட்டில் சிக்னல் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறும் தூரத்தை அளவிடுங்கள். அந்த ஏற்றத்துக்குள் குறைந்தது மூன்று புள்ளிகளாவது விழ வேண்டும். திரும்பும் ஸ்கேனிலும் அதே இடத்தில் அதே அகலம் வந்தால் அந்த எண்ணை எழுதலாம்.