கலைஞரின் பாலீர்ப்பு பற்றிய ஊகங்கள்: எங்கே தவறுகிறோம்?

ஒரு பாடகரோ நடிகரோ பேட்டியில் காதல் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் போதும், அன்று மாலைக்குள் அவருடைய பாலீர்ப்பு (ஆணிடமா பெண்ணிடமா இருவரிடமுமா ஈர்ப்பு என்பது) என்னவென்று ஊரே தீர்ப்பு எழுதிவிடும். ரசிகர், செய்தியாளர், வாழ்க்கை வரலாறு எழுதுபவர் என எல்லோரும் இதில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

அதிகம் நடப்பது, படைப்பை வாக்குமூலமாகப் படிப்பது. மேடை உடை, பாட்டில் வரும் 'அவன்' அல்லது 'அவள்', நடித்த பாத்திரம், கல்யாணம் செய்துகொள்ளாதது, நண்பரின் தோளில் கைபோட்ட படம் எதுவுமே சான்றாகாது. பாட்டை வேறொருவர் எழுதியிருக்கலாம். பேசுவது கற்பனைப் பாத்திரமாக இருக்கலாம். நம் கைக்கு வந்த வரிகளே திருத்தப்பட்டவையாகவும் இருக்கலாம். இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ ஆண் ஒருவரை நோக்கி எழுதிய காதல் கவிதைகளை 1623இல் அச்சிட்டவர் அவருடைய தம்பி பேரன். அவர் அந்த ஆணைப் பெண்ணாக்கிவிட்டார். கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து 1863இல் புதுப் பதிப்பு வரும்வரை வாசகர்கள் படித்தது அந்த மாற்றிய வடிவத்தைத்தான். எனவே கவிதையிலிருந்து எதையாவது சொல்ல நினைப்பவர், எந்தப் பதிப்பு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மறுப்பைக் கையாளும் விதம் இன்னொரு பெரிய குழி. ஆமாம் என்றால் ஒப்புக்கொண்டார், இல்லை என்றால் மறைக்கிறார், பேசாவிட்டால் பயப்படுகிறார். எந்தப் பதில் வந்தாலும் முடிவு மாறாது என்றால் அந்த முடிவு முன்கூட்டியே எடுத்தது. பியானோ கலைஞர் லிபராச்சியை 1956இல் லண்டன் நாளிதழ் டெய்லி மிரரின் பத்தி ஒன்று, தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று ஜாடையாகச் சீண்டியது. அவர் வழக்குப் போட்டார், 1959இல் லண்டன் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மறுத்தார், 8,000 பவுண்டு நஷ்டஈடு பெற்றார். ஆனால் 1982இல் முன்னாள் ஆண் துணை ஒருவர் ஜீவனாம்சம் கேட்டு அவர்மேல் வழக்குத் தொடுத்தார், அப்போதும் மறுத்தார். 1987இல் அவர் இறந்தது எய்ட்ஸ் தொடர்பான நோயால் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் ஆண்களுக்கு இடையிலான உறவு 1967வரை குற்றம் என்பதை மறந்துவிட்டு அந்த மறுப்பை எடைபோட முடியாது. தண்டனைக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டால் கிடைக்கும் 'இல்லை'யை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதைத் திருப்பிப் போட்டு 'ஆமாம்' என்று படிக்கவும் முடியாது.

அடுத்து, ஒரே ஆளைப் பற்றிய எல்லாத் தகவலுக்கும் ஒரே எடை கொடுப்பது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி இதற்கு நல்ல பாடம். அவர் ஆண்களிடம் ஈர்ப்புக் கொண்டிருந்தார் என்பதற்குத் தம்பி மோடெஸ்துக்கு அவரே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சோவியத் பதிப்புகளில் அந்த வரிகளைத் தணிக்கை செய்தார்கள். இங்கே 'யாருக்குத் தெரியும்' என்று மழுப்புவதுதான் தவறு. 1893இல் அவர் இறந்ததற்கு, பழைய பள்ளித் தோழர்கள் கூடி அவரை விஷம் குடிக்கப் பணித்ததே காரணம் என்ற கதை வேறு வகை. அதிகாரி ஒருவரின் மனைவி கணவரிடம் கேட்டதை, கணவர் காலமான பின் 1913இல் இன்னொருவரிடம் சொல்கிறார். அதைக் கேட்டவர் 1966இல் இசை ஆய்வாளர் ஓர்லோவாவிடம் சொல்கிறார். ஓர்லோவா ரஷ்யாவை விட்டு வெளியேறிய பிறகுதான் அது அச்சாகிறது. எழுத்துச் சான்று கிடையாது. ஆய்வாளர்கள் பலர் ஏற்கவுமில்லை. கடிதங்கள் உறுதியானவை என்பதால் விஷக் கதையும் உறுதியாகிவிடாது.

இன்று வரும் செய்திகளுக்கும் இதே சோதனைதான். முதலில் எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். சொன்னவர் பெயர் இருக்கிறதா, நேரில் அறிந்தவரா, பகையோ ஆதாயமோ உண்டா என்று பாருங்கள். பத்துத் தளங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு கடைசியில் பெயரில்லாத ஒரு பதிவில் போய் முடிந்தால், கையில் இருப்பது பூஜ்யம்.

உயிரோடிருப்பவர் விஷயத்தில் அவர் வாயால் சொன்னது மட்டுமே செல்லும். சொல்லவைப்பதும் தவறு. 2022 ஜூனில் நடிகை ரெபல் வில்சனுக்கு ஆஸ்திரேலிய நாளிதழ் சிட்னி மார்னிங் ஹெரால்டின் பத்தியாளர், அவருடைய துணை பற்றிப் பதில் சொல்ல இரண்டு நாள் கெடு வைத்தார். அவர் தாமே முந்திக்கொண்டு தம் துணை ஒரு பெண் என்று அறிவிக்க நேர்ந்தது. பத்திரிகை பிறகு வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடிகர் கிட் கானர், 18 வயதில், ரசிகர்களின் நச்சரிப்பால் தாம் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லவைத்ததற்கு வாழ்த்துகள் என்று கசப்போடு எழுதினார். அடிபடுவது கலைஞர் மட்டுமல்ல. படத்தில் பக்கத்தில் நிற்பவருக்குப் பாதுகாவலரோ வழக்கறிஞரோ இருப்பதில்லை. தன்பாலின உறவு 60க்கும் மேற்பட்ட நாடுகளில் இன்றும் குற்றம்.

தாமே சொல்லிவிட்டவரிடமும் எல்லை உண்டு. பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜான் தாம் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று 1976இலேயே சொன்னார். அதற்காக 1987இல் தி சன் நாளிதழ் அவரைப் பற்றி வெளியிட்ட பொய்கள் உண்மையாகிவிடவில்லை. மறு ஆண்டு பத்து லட்சம் பவுண்டும் முதல் பக்க மன்னிப்பும் கொடுத்துத்தான் சமரசம் ஆனது.

'சீ, அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று வரிந்துகட்டும் ரசிகர்களுக்கும் ஒன்று: அந்த 'சீ'யில் தன்பாலீர்ப்பே இழுக்கு என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது, படிப்பவர்களில் எத்தனையோ பேரை அது குத்தும். 'இது அவர் சொந்த விஷயம்' என்றால் போதும். ஆனால் வற்புறுத்தல், சிறுவர்மீதான கொடுமை என்று புகார் வந்தால் அது சொந்த விஷயம் இல்லை. அப்போது விசாரிக்க வேண்டியது சம்மதம், வயது, அதிகாரம், பாலீர்ப்பு அல்ல.

ஏற்கெனவே பகிர்ந்திருந்தால் பதிவை நீக்குங்கள், நீக்கியதை ஒரு வரியில் சொல்லுங்கள். திருத்தத்தின் தலைப்பில் வதந்தியை மறுபடி எழுதாதீர்கள். தேடுபொறியில் அதுதான் முதலில் வந்து நிற்கும்.