இரவு தங்கப் பெரிய படகு வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஜனவரியில் ரொறன்ரோவில் படகுக் கண்காட்சி நடக்கும். வெளியே கடுங்குளிர். உள்ளே கம்பளத்தின்மேல் பளபளவென்று நிற்கும் முப்பதடிப் படகில் குடும்பத்தோடு ஏறிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வந்துவிடும். சிறிய படகில் சில கோடைகளைக் கழித்தவர்கள் அடுத்ததாக விரும்புவது, மாலையில் கரை திரும்பாமல் நீரிலேயே இரவு தங்குவதைத்தான். ஒன்ராறியோவில் அதற்கு இடமும் தாராளம். ட்ரென்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர் நீளும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி, அதன் நடுவே கவார்த்தா ஏரிகளும் சிம்கோ ஏரியும், அதைத் தாண்டினால் ஜோர்ஜியன் குடாவின் தீவுகள் என்று வாழ்நாள் முழுவதும் சுற்றலாம்.

வாங்கிய பிறகு வருந்துபவர்களிடம் பேசிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பகல் வெளிச்சத்தில் பார்த்து, பகலில் ஓட்டி, பகலுக்கு வேண்டியதை மனதில் வைத்து முடிவெடுத்திருப்பார்கள். இருக்கைகள் எத்தனை, வேகம் எவ்வளவு, பாட்டுப்பெட்டி எப்படி என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு அந்தப் படகுக்குள் யார் எங்கே இருப்பார்கள் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

"ஆறு பேர் தூங்கலாம்" என்ற வாக்கியம்

விளம்பரத்தில் ஆறு பேர் என்று போட்டிருந்தால் அது மெத்தைகளின் கணக்கு. முப்பதடிப் படகில் வழக்கமாக முன்மூக்கில் இருவருக்கு ஒரு படுக்கை இருக்கும். சாப்பாட்டு மேசையை இறக்கி அதன்மேல் மெத்தை போட்டால் இன்னொன்று. மூன்றாவது, மேல்தளத்தின் கீழே குகைபோல உள்நோக்கிப் போகும் நடு அறை.

அந்த மேசைப் படுக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவி வைத்த பிறகுதான் அதை விரிக்க முடியும். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் அதில் தூங்கிவிட்டால் பெரியவர்களுக்கு உட்கார இடமில்லை. மழை பெய்தால் வெளியேயும் போக முடியாது. காலையில் அவர்கள் எழுந்து மெத்தையை மடிக்கும்வரை தேநீர் வைக்கக்கூட வழியிருக்காது. இரண்டாவது நாளே எல்லாருக்கும் எரிச்சல் தொடங்கிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு எதையும் மடிக்காமல் நான்கு பேர் படுக்க முடிகிறதா என்பதே முதற்கேள்வி. விளம்பரம் சொல்லும் எண்ணிக்கையில் பாதியை உண்மைக் கணக்காக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நடு அறைக்குள் போய்ப் படுத்துப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுங்கள், புரளுங்கள், பிறகு எழுந்து உட்காருங்கள். பெரும்பாலான படகுகளில் உட்கார்ந்தால் தலை இடிக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு வீடு. அம்மம்மாவுக்கு அதில் இடம் ஒதுக்கலாம் என்று நினைத்தால், நள்ளிரவில் அவர் அங்கிருந்து முழங்காலில் தவழ்ந்து வெளியே வர வேண்டியிருக்கும். அந்த அறைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். திறக்கக்கூடிய சாளரம் ஒன்றே ஒன்று, அதுவும் உள்ளங்கையளவு என்றால் ஜூலைமாதப் புழுக்கத்தில் யாரும் அங்கே தூங்கப் போவதில்லை.

மூச்சில் கலக்கும் நஞ்சு

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பெற்றோல் எஞ்சினும் பெற்றோல் ஜெனரேட்டரும் கார்பன் மொனொக்சைட்டைக் கக்குகின்றன. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று அது காட்டும் அறிகுறிகளைப் படகில் எல்லாரும் அலை ஒத்துக்கொள்ளவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். தூங்கும்போது தாக்கினால் அந்த அறிகுறிகூடத் தெரியாது.

குளிரூட்டி உள்ள படகு என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், நங்கூரமிட்ட இடத்தில் அதை இயக்க ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தூங்கும் குடும்பத்துக்குச் சில அடி தூரத்தில் புகைபோக்கி இருக்கும். காற்று திசை மாறினால் அந்தப் புகை சாளரம் வழியே உள்ளே வரும். பக்கத்தில் கட்டியிருக்கும் படகின் புகையும் வரலாம். அதனால் பெற்றோல் ஜெனரேட்டரை இரவில் ஓட்டித் தூங்கவே கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக வையுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் குளிரூட்டிக்கு ஏங்காமல், நல்ல சாளரங்களும் கூரைத் திறப்பும் மின்விசிறியும் உள்ள படகைத் தேடத் தொடங்குவீர்கள்.

படகு ஓடும்போதும் ஆபத்து உண்டு. குளிருக்காக முன்பக்கத் திரைகளையெல்லாம் மூடிவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் திறந்து மெதுவாகப் போனால், பின்னாலிருந்து புகை சுழன்று உள்ளே இழுக்கப்படும். எஞ்சின் ஓடும்போது பின்னால் நீட்டியிருக்கும் நீச்சல் மேடையில் பிள்ளைகளை உட்கார விடக்கூடாது. புகை வெளியேறும் இடமே அதுதான்.

பழைய படகைப் பார்க்கப் போனால் ஒவ்வொரு அறையிலும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பின்புறம் திருப்பி அதன் காலாவதித் திகதியைப் பாருங்கள். இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு. பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று நம்பிவிட முடியாது.

சோறு, தண்ணீர், கழிவு

நம் வீட்டுச் சமையலை வைத்துக் கணக்குப் போடுவோம். 700 வாட் சோறாக்கும் மின்பானையை 12 வோல்ட் பற்றரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால் சுமார் 65 அம்பியர் இழுக்கும். அரை மணி நேரத்தில் 30 அம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 100 அம்பியர்-மணி கொள்ளும் ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 50தான். இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டி ஓடினால் மிச்சமும் தீரும். ஒரு பானைச் சோற்றோடு அன்றைய மின்சாரம் முடிந்தது. எஞ்சினைக் கிளப்பும் பற்றரியும் வீட்டுப் பாவனைக்கான பற்றரியும் தனித்தனியாக இல்லாத படகென்றால் காலையில் எஞ்சினே கிளம்பாது. ட்ரென்ட்-செவர்னில் லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுள்ள நீர்ப்பூட்டு) சுவரோரம் அனுமதி பெற்று இரவு கட்டி நிற்கலாம், ஆனால் அங்கே பல இடங்களில் கரை மின்சாரம் கிடையாது. பற்றரி எத்தனை, எந்த வயது, எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று கேட்காமல் படகை விட்டு இறங்காதீர்கள்.

மின்சாரம் போதாது என்று கையடக்க வாயு அடுப்பைக் கேபினுக்குள் வைத்துச் சமைப்பது இன்னும் மோசம். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி நிற்கும்.

மெரினாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், கரை மின்சாரம் எடுக்கும் படகானால் மின்கம்பிகளைத் தகுதியுள்ள ஒருவர் சோதிக்க வேண்டும். மனித உடல் ஏரித் தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். ஏதோ ஒரு படகில் கசியும் மின்னோட்டம் நீரில் இறங்கினால், அருகில் நீந்துபவரின் கைகால்களைச் செயலிழக்கச் செய்து மூழ்கடித்துவிடும். எந்தப் படகு வாங்கினாலும் மெரினாத் துறையோரம் பிள்ளைகளை நீந்த விடாதீர்கள்.

கழிவறையை எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு "வசதியாக இருக்கிறது" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டியது அதன் தொட்டியின் அளவை. ஒன்ராறியோவில் படகிலிருந்து மலசலத்தை நீரில் விடுவது சட்டவிரோதம். தொட்டியில் தேக்கி மெரினாவில் உறிஞ்சி எடுக்க வைக்க வேண்டும். ஒருமுறை தண்ணீர் அடிக்க இரண்டு லீற்றர் என்று வைத்தாலும் ஐந்து பேர் ஒரு நாளில் 50 லீற்றரைத் தாண்டுவார்கள். 75 லீற்றர்த் தொட்டி ஒன்றரை நாளில் நிறையும். நீண்ட வார இறுதிக்குப் போகும் குடும்பத்துக்கு அது போதாது. கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த பழைய படகில் கழிவை நேரே வெளியேற்றும் குழாய் இருந்தால் அதை அகற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

வேகம் விற்கப்படுகிறது, வேகம் தேவைப்படுவதில்லை

ட்ரென்ட்-செவர்னின் கால்வாய்ப் பகுதிகளில் வேக எல்லை மணிக்கு 10 கிலோமீற்றர். அங்கே விடுமுறையைக் கழிக்கப் போகிறவருக்கு மணிக்கு 70 கிலோமீற்றரில் பறக்கும் படகால் என்ன பயன்? அப்படிப்பட்ட படகுகள் பல, மெதுவாகப் போகும்போது மூக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போகும். சக்கரத்தைப் பிடித்திருப்பவருக்கு ஓய்வே கிடைக்காது. சோதனை ஓட்டத்தில் விற்பவர் விசையை முன்னே தள்ளிக் காட்டுவார். நீங்கள் அதைப் பின்னே இழுத்து, நடைவேகத்தில் நேராகப் போகிறதா, பக்கக் காற்றில் துறைக்குள் பின்வாங்க முடிகிறதா என்று பாருங்கள்.

எரிபொருளையும் அப்போதே கேளுங்கள். இரட்டைப் பெற்றோல் எஞ்சின் கொண்ட முப்பதடிப் படகு வேகமாக ஓடும்போது கிலோமீற்றருக்கு இரண்டு லீற்றருக்கு மேல் குடிக்கும். மூக்கைத் தூக்கிக்கொண்டு பாதி வேகத்தில் உழுதபடி போவதிலும் மிச்சம் எதுவும் கிடைக்காது. அந்த நிலையில் விழுங்குவது வீண்.

பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு லாக், படகை நீர்த்தொட்டியோடு சேர்த்து 19.8 மீற்றர் உயர்த்துகிறது. பிக் சூட்டில் படகையே தண்டவாள வண்டியில் ஏற்றி மேட்டைக் கடத்துகிறார்கள். லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் மேலேயுள்ள ஏரிகளுக்குள் புகாதிருக்கவே அங்கே வழக்கமான லாக் கட்டாமல் விட்டார்கள். பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கும் இடங்கள் இவை. ஆனால் லாக் ஒவ்வொன்றிலும் ஒருவர் முன்னேயும் ஒருவர் பின்னேயும் நின்று சுவரிலுள்ள கம்பிவடத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். முன்னே போகிறவர் எந்த வழியாகப் போவார்? பல படகுகளில் பக்கவாட்டில் பாதம் வைக்கும் அகலம்தான் இருக்கிறது, கைப்பிடியும் சரியான இடத்தில் இருப்பதில்லை. கண்காட்சியிலேயே உங்கள் மனைவியையோ கணவரையோ கையில் கயிற்றோடு முன்மூக்குக்குப் போய்வரச் சொல்லுங்கள். முகத்தில் பயம் தெரிந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

பழைய படகின் உள்ளே

புதுப் படகின் விலைக்குப் பயந்து பெரும்பாலோர் பழையதையே வாங்குகிறார்கள். அது நல்ல முடிவுதான், பரிசோதகர் ஒருவரை நீங்களே அமர்த்தினால். விற்பவரோ தரகரோ காட்டும் பழைய அறிக்கையை நம்பாதீர்கள். படகை நீரிலிருந்து தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் உள்ளே இருக்க, உந்தும் கால் மட்டும் வெளியே தொங்கும் ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பில், நீர்மட்டத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும், துறையில் கட்டிய படகே மூழ்கலாம். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். கடல்நீரில் ஓடிய எஞ்சின் என்றால் புகை வெளியேறும் இரும்புப் பாகங்கள் உள்ளே அரித்திருக்கும். நம் ஊர்ப் படகில் வேறு கவலை: குளிர்காலத்துக்கு முன் நீரைச் சரியாக வடிக்காவிட்டால் எஞ்சின் உடலே உறைந்து வெடித்திருக்கும்.

தளத்தின் உள்ளே பெரும்பாலும் மரம்தான். கைப்பிடித் தூண்களும் நங்கூர உருளையும் பூட்டிய ஆணித்துளைகள் வழியாக நீர் இறங்கி அது உளுத்துப்போகும். பரிசோதகர் சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் "டக்" என்று தெளிவாகக் கேட்கும், ஊறிய இடத்தில் மந்தமாகும். கூடவே நடந்து காதால் கேளுங்கள். அறிக்கையின் பத்துப் பக்கத்தைவிட அது புரியவைக்கும்.

அகலமும் குளிர்காலமும்

2.6 மீற்றருக்கு மேல் அகலமான படகை ஒன்ராறியோ வீதிகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுத்துப்போக முடியாது. முப்பதடிப் படகுகள் பெரும்பாலும் அதைத் தாண்டும். எனவே மெரினா இடம், இலையுதிர் காலத்தில் தூக்குவது, உறையிடுவது, வசந்தத்தில் இறக்குவது எல்லாம் ஆண்டுச் செலவு. படகை வாங்கிவிட்டு மெரினா தேடினால் காத்திருப்போர் பட்டியலில்தான் நிற்க வேண்டியிருக்கும். முதலில் இடத்தை உறுதிசெய்யுங்கள். குறுகலான படகை வீட்டு வாகனத்தால் இழுக்க நினைப்பவர்கள், விளம்பரத்திலுள்ள எடை வெறும் படகின் எடை என்பதைக் கவனிக்க வேண்டும். எரிபொருள், தண்ணீர், சாமான்கள், டிரெயிலர் எல்லாம் அதன்மேல் சேரும்.

இவ்வளவுக்கும் பிறகும் உறுதி வரவில்லையென்றால் கவார்த்தா ஏரிகளில் ஹவுஸ்போட் ஒன்றை வாடகைக்கு எடுத்து அம்மம்மா உட்படக் குடும்பம் முழுவதுமாக இரண்டு இரவு தங்குங்கள். யாருக்குத் தனியிடம் வேண்டும், எவ்வளவு தண்ணீர் தீர்கிறது, யார் முதலில் கரைக்குப் போகலாம் என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு விற்பவரிடம் போங்கள். முன்பணம் கொடுக்கும் காகிதத்தில், பரிசோதனை, சோதனை ஓட்டம், காப்புறுதி மூன்றும் திருப்தியாக அமைந்தால் மட்டுமே கொள்வனவு உறுதி, இல்லையேல் பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய படகுகளுக்குப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் காப்புறுதி கிடைப்பதும் கடினம்.