தூர்தர்ஷன் கோபுரத்தை ஃபிலிமில் எடுக்கும்போது எங்கே தவறுகிறது?

சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் நின்று தூர்தர்ஷன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கேமராவைத் தூக்குகிறீர்கள். அதிலுள்ள வெளிச்சம் அளக்கும் மீட்டர் சரி என்கிறது. ஃபிலிமைக் கழுவி வந்தால் வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புக் கம்பிக்கூடு மட்டும் நிற்கிறது; கோபுரத்தின் நிறமும் இல்லை, கம்பிகளின் திரட்சியும் இல்லை. இந்த வகைப் படங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

காரணம் எளிது. ஃபிரேமில் முக்கால்வாசி வானம். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே மீட்டர் எடுத்துக்கொள்வதால், வானத்துக்கு அளவு சொல்லிக் கோபுரத்தை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இருட்டில் தள்ளிவிடுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). அதே வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் கூடத் திறந்து அந்த அளவிலேயே எடுங்கள். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் மிகுதியை நன்றாகத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது. நிழலில் பதியாத விவரத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது.

கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்கள் வானம் கறுக்கட்டும் என்று சிவப்பு ஃபில்டர் போடுகிறார்கள். நீல வானம் இருந்தால்தான் ஃபில்டருக்கு வேலை. மே மாதத்துச் சென்னை வானம் ஈரப்பதத்தால் வெளுத்துக் கிடக்கும். அன்று மூன்று ஸ்டாப் வெளிச்சம் போவதுதான் மிச்சம். வடகிழக்குப் பருவமழை விட்டு வானம் தெளியும் நாட்களுக்கு மஞ்சள் ஃபில்டரே போதும், ஒரு ஸ்டாப்தான் செலவு.

காமராஜர் சாலையில் உள்ள வானொலி நிலையத்துக்கு மாலையில் போகாதீர்கள். கட்டடம் கடலைப் பார்த்து நிற்கிறது, அதன் முகத்தில் காலை வெயில்தான் விழும். இன்னொன்று: சென்னை வானொலி 1938-ல் இங்கேதான் தொடங்கியது என்று படத்தின் கீழ் எழுதிவிடுகிறார்கள். அது தொடங்கியது எழும்பூரில். அதற்கும் முன்பே, 1930-ல், மாநகராட்சி ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பு நடத்தியது. ஆகவே ஒலிபரப்பு நிலையப் படங்களின் வரிசையில் அந்த வெள்ளை மாளிகையும் சேர வேண்டும்.

எங்கே எடுத்தாலும் பொதுச் சாலையில் நில்லுங்கள். காவலர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வளாகத்துக்குள் எடுக்க முன்அனுமதி வேண்டும்.

பழைய பிக்சர் டியூப் டிவியில் ஓடும் நிகழ்ச்சியை எடுக்கும்போது வரும் கறுப்புப் பட்டையைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். கேமராவில் கோளாறு இல்லை. நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம். டியூப் ஒரு முழுப் படத்தைக் கோடு கோடாக வரைந்து முடிக்க 1/25 நொடி ஆகும். ஷட்டரை 1/125 நொடிக்கு வைத்து எடுத்தால் திரையின் ஒரு பகுதியில்தான் படம் இருக்கும். துணி ஷட்டர் பக்கவாட்டில் ஓடினால் அந்தப் பட்டை சாய்ந்தும் விழும். 1/15 அல்லது 1/8 வையுங்கள், கேமரா முக்காலியும், கையால் அசைக்காமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீசும் வேண்டும். அறை விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து ஏ.வி. வயரில் கொடுத்தாலும் கணக்கு இதேதான்.

இரவில் கோபுரத்தின் சிவப்பு விளக்குகளை எடுப்பவர்கள், மீட்டர் 10 நொடி என்றால் 10 நொடியே கொடுத்துவிடுகிறார்கள். வெளிச்சம் மங்கினால் ஃபிலிமின் உணர்திறனும் தளர்ந்துவிடும். ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்த 10 நொடிக்கு ஏறக்குறைய 20 நொடி கொடுக்க வேண்டும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக் காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோக்கும். ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்து எடுங்கள்.

வீட்டில் கழுவுபவர்களுக்குக் கோடையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர்தான் எதிரி. ஹெச்பி5 பிளஸுக்கு டி-76 டெவலப்பர், தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டினால் நேரம் மிகவும் சுருங்கி, டெவலப்பர் சீராகப் பரவாமல் வானத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். பாட்டில்களை ஐஸ் போட்ட பக்கெட்டில் நிறுத்தி 20-க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, கடைசியில் சுடுதண்ணீர் போலிருக்கும் குழாய்த் தண்ணீரில் அலசினால் ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் சட்டென்று உப்பி நெகட்டிவ் முழுக்க நுண்சுருக்கம் விழும். அலசும் தண்ணீரையும் அதே பக்கெட்டில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.